புகாருக்கு ஒரு பதக்கம்

சகலையின் செயலிக்கு ஒரே காலைப்பொழுதில் அங்கீகாரம் கிடைத்துவிட்ட செய்தி, தராசுக்காரருக்கு மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் தெரிந்தது. வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவும் சொன்னார். அந்தச் சந்தோஷம் தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு வெளியே வந்ததை எதிரில் இருந்த மனைவி கவனித்துவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

தராசுக்காரர் என்பது பட்டப்பெயர். எடை போடும் இயந்திரம் செய்கிற கம்பெனியில், அந்த இயந்திரம் காட்டும் எண்ணுக்குப் பின்னால் இருக்கிற மென்பொருளை எழுதுகிறவர். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். ஊரார் ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று ஒரு நாள் "நானும் ஒரு ஆப் விடப்போறேண்ணா" என்றார். யாரையோ பிடித்துச் செய்யவைத்து, விட்டும்விட்டார்.

செயலியின் பெயர் 'கண்ணாடி'. போன் கேமராவைத் திறந்து உங்கள் முகத்தை உங்களுக்கே காட்டும். நிறத்தைக் கொஞ்சம் கூட்டி, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைக் கொஞ்சம் துடைத்துவிட்டுக் காட்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு அது கேட்ட அனுமதிகளைப் பார்க்க வேண்டும். உங்கள் தொடர்பு எண்கள் வேண்டும், குறுஞ்செய்திகள் வேண்டும், மைக் வேண்டும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் வேண்டும்.

"மூஞ்சி பார்க்கறதுக்கு மைக் எதுக்கு தம்பி?" என்று கேட்டார் தராசுக்காரர்.

"கண்ணாடி முன்னாடி நின்னா மனுஷன் ரெண்டு வார்த்தை பேசுவான் இல்லண்ணா?"

"தொடர்பு எண்?"

"யாருக்காக அலங்காரம் பண்றாங்கன்னு தெரிஞ்சாத்தானே அதுக்கேத்த மாதிரி காட்ட முடியும்?"

மாமியார் போனைத் தூக்கிப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சின்ன மாப்பிள்ளைக்கு மூளையைப் பாரேன்! என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு நல்லா இல்ல" என்றார். தராசுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏனென்றால் அவரும் ஒரு செயலி செய்திருந்தார். அதுவும் இதே மாமியாருக்காகவே செய்திருந்தார்.

மாமியாருக்குக் கொஞ்ச காலமாக வழி மறந்துபோகிறது. தெருமுனைக் கடையில் நூல்கண்டு வாங்கப் போனவரைப் பொழுது சாயும் நேரத்தில் பஸ் டிப்போ பெஞ்சில் கண்டுபிடித்தார்கள். மடியில் நூல்கண்டு பத்திரமாக இருந்தது. "வீட்டுக்குப் போற பஸ் இன்னும் வரலை" என்றார். வீடு பொடிநடைத் தூரம். அன்று மனைவி அழுத அழுகையைப் பார்த்துத்தான் தராசுக்காரர் உட்கார்ந்து 'வீட்டுக்கு' என்கிற செயலியை எழுதினார். திரை முழுக்க ஒரே ஒரு பட்டன். மாமியார் கண்ணுக்கு மஞ்சள்தான் பளிச்சென்று தெரிகிறது என்று வீட்டுத் துணிமணியையெல்லாம் காட்டிக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மஞ்சள் பட்டனாகவே வைத்தார். அதை அழுத்தினால் மகள்கள் இருவருக்கும் போன் போகும். அவர் நிற்கும் இடம் தெரியும். "பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கோம்" என்று பெரிய மகள் குரலிலேயே ஒரு பதில் வரும். வேறு எதையும் அது கேட்காது, எதையும் எடுக்காது.

ஆனால் அந்த மஞ்சள் பட்டன் மாமியார் போனில் ஏற வேண்டுமென்றால் அங்காடி மனம் வைக்க வேண்டும். போன்களுக்குச் செயலி கொடுக்கிற ஒரே கடை அதுதான். வேறு வாசல் வழியாக வருகிற எதையும், பாதுகாப்பு கருதி, மாமியார் போன் உள்ளே விடாது.

முதல் முறை அங்காடி இப்படிப் பதில் எழுதியது: 'தங்கள் செயலியில் ஒரே ஒரு பட்டன் உள்ளது. ஒரு பட்டனை வைத்துக்கொண்டு பயனாளி என்ன செய்வார்? நிராகரிக்கப்படுகிறது.' தராசுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பட்டன் வைத்தார். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 'தங்கள் இரண்டாவது பட்டன் பயனாளியை ஏமாற்றுகிறது. நிராகரிக்கப்படுகிறது.' அதை எடுத்துவிட்டு, ஒரு பட்டன் ஏன் போதும் என்பதற்கு நீளமாக விளக்கம் எழுதி அனுப்பினார். மூன்றாம் பதில் கொஞ்சம் கோபமாகவே வந்தது: 'எங்கள் பரிசீலகர் பட்டனை அழுத்தியபோது, உங்களுக்கு வீடும் இல்லை, அழைப்பதற்கு ஆளும் இல்லை என்று செயலி அவரிடம் கூறியது. அவர் மனமுடைந்து விடுப்பில் சென்றுள்ளார். பயனாளியை அவமதிக்கும் செயலிகளுக்கு அங்காடியில் இடமில்லை.'

இந்த மூன்றாம் பதில் வந்த அன்றைக்குத்தான் கண்ணாடிக்கு ஒரே காலையில் அங்கீகாரம். இப்போது சொல்லுங்கள், கவளம் எப்படி இறங்கும்?

தராசுக்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கம்பெனியில் கிடந்த வெறும் போன் ஒன்றில் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பரம சாது. முகத்தைக் காட்டியது, அத்தோடு சரி. மனைவி போனில் இருந்த கண்ணாடியை ஆராய்ந்தால் அங்கே அது அடித்த கூத்தே வேறு. அவள் போகும் இடம், பேசும் பேச்சு, யார் யாருக்கு என்ன எழுதினாள் என்பது வரை வாரிக்கொண்டு எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது. 'அகப்பட்டான்டா திரைச்சீலை!' என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தார். கண்ணாடியை வைத்திருக்கிற அத்தனை பேருடைய நலனுக்காகவும்தான் குதித்ததாக அவர் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.

புகாரை எடுத்துக்கொண்டு அங்காடியின் தலைமை அலுவலகத்துக்கே போனார். வாசலில் பையைச் சோதித்தார்கள், பெல்ட்டைக் கழற்றினார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரெங்கும் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. தலைமைப் பரிசீலகர் நல்ல மனுஷன். அவரே கூட்டிப்போய்க் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பரிசீலனை அறையைக் காட்டினார். நீள மேஜை மேல் மரச்சட்டங்களில் போன்களைத் திருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'பரிசீலனைக் கருவி' என்று ஒரு ஒட்டுத்தாள்.

"எதுலயும் சிம் கிடையாது சார். தொடர்பு எண் ஒண்ணுகூடக் கிடையாது. படம் கிடையாது. காலையில எழுப்புவோம், ஆபீஸ் முடிஞ்சதும் அணைச்சுடுவோம். இந்தச் சட்டத்தை விட்டு ஒரு அங்குலம் நகராது. இதைவிடப் பாதுகாப்பா ஒரு போனை வச்சுக்க முடியுமா சொல்லுங்க" என்றார் பெருமையாக.

"அதுதான் சார் கோளாறே!" என்று தராசுக்காரர் கிட்டத்தட்ட கத்திவிட்டார். "உலகத்துல இப்படி ஒரு போன் வேற யார்கிட்ட இருக்கு? இதைப் பார்த்ததும் இது உங்க அறைன்னு கண்ணாடிக்குத் தெரிஞ்சுடுது. கையைக் கட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா உட்கார்ந்துக்குது. வெளியில போனதும் வேலையைக் காட்டுது."

தலைமைப் பரிசீலகர் நிதானமாகத் தலையசைத்தார். "அப்போ எங்க முன்னாடி அது ஒழுங்கா நடந்துக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"உங்க முன்னாடி மட்டும் சார்!"

"எங்களுக்கு எங்க முன்னாடி நடக்கறதுதானே சார் தெரியும்? முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்கறது நாகரிகமில்லை. இங்க பாருங்க, பாதுகாப்புங்கறது ஒரு உணர்வு. அந்த உணர்வு ஜனங்களுக்கு வந்துட்டா எங்க கடமை முடிஞ்சது. இருந்தாலும் புகார்னு வந்துட்டீங்க. விசாரிக்காம விடமாட்டோம்."

விசாரித்தார்கள். கண்ணாடியை அதே அறையில், அதே சட்டத்தில் வைத்து, ஒரு பரிசீலகர் நாள் முழுக்க முகம் பார்த்தார். தன் முகம் இவ்வளவு லட்சணம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அறிக்கையிலேயே எழுதினார். கண்ணாடிக்கு வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். 'விசாரிக்கப்பட்டது, தூய்மையானது' என்று அதன் பெயருக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒட்டினார்கள். பதக்கத்தைப் பார்த்த ஜனம் அள்ளிக்கொண்டு போனது.

தராசுக்காரர் விடுவாரா? ஆதாரங்களை இன்னும் துல்லியமாக்கி இன்னொரு புகார் கொடுத்தார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆத்திரம் தாங்காமல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, படம் வரைந்து, அம்புக்குறி போட்டு மூன்றாவது புகார் கொடுத்தார். தங்கப் பதக்கத்தோடு ஒரு பாராட்டு விழாவும் நடத்தினார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தராசுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதாயிற்று.

விழா முடிந்து சகலை நேராக இவரிடம்தான் வந்தார். புதுக் கோட்டு, புதுச் செருப்பு, வாயெல்லாம் பல். "எவனோ ஒரு புண்ணியவான் மறுபடி மறுபடி புகார் குடுத்தானாம்ணா. அவன் மட்டும் இல்லேன்னா நான் இன்னும் ஜன்னலுக்கு அளவெடுத்துட்டு இருந்திருப்பேன். அவன் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவேன்." சொல்லிக்கொண்டே தராசுக்காரரின் கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் மறுபடி தொலைந்துபோனார்.

குடை எடுக்காமல் போனவர். மழை வேறு. பெரிய மகள் ஒரு தெருவில் ஓட, தராசுக்காரர் பஸ் டிப்போவுக்கு ஓட, சின்ன மகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். டிப்போ பெஞ்சில் யாரும் இல்லை. முழங்கால் வரை நனைந்த தராசுக்காரர் பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அந்த மஞ்சள் பட்டன் மட்டும் மாமியார் கையில் இருந்திருந்தால் என்று நினைத்தபோது அவருக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. அப்போது மனைவி போனில் கூப்பிட்டாள். சகலை அம்மாவைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

வீட்டில் எல்லோரும் சகலையைச் சுற்றி நின்றார்கள். மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே, "சின்ன மாப்பிள்ளை நேரா நான் நிக்கற கடை வாசலுக்கே வந்துட்டார்! தெய்வம் மாதிரி!" என்றார்.

"எப்படித் தம்பி இடம் தெரிஞ்சுது?" என்று கேட்டார் தராசுக்காரர், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அத்தை போன்ல நம்ம கண்ணாடி இருக்கே அண்ணா."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! மூஞ்சி பார்க்கற கண்ணாடிக்கு இவங்க எந்தக் கடை வாசல்ல நிக்கறாங்கன்னு எப்படித் தெரியும்? கேளுங்க!" தராசுக்காரர் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எங்கம்மா கிடைச்சுட்டாங்க. உங்களுக்கு இப்போ அதுவா கவலை?"

சுருக்கென்று தைத்தது. மாமியார் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் தான் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லையே, இவன் கண்டுபிடித்துவிட்டானே என்கிற எரிச்சல் அந்தச் சந்தோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்வது, எரிகிற வயிற்றை எந்தத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியும்?

மறுநாளே தலைமைப் பரிசீலகர் முன்னால் போய் நின்றார். இந்த முறை கண்ணாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "என் செயலிக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க சார். வயசான அம்மா, வழி தெரியாம நிக்கறாங்க."

அவர் திரையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உங்க செயலி மேல ஒரு புகார்கூட வரலையே சார்."

"இன்னும் கடைக்கே வராத செயலி மேல எப்படி சார் புகார் வரும்?"

"அது உங்க கஷ்டம். எங்க கஷ்டத்தையும் பாருங்க. புகார் வந்தாத்தான் விசாரிப்போம். விசாரிச்சாத்தான் தூய்மைன்னு தெரியும். புகாரே வராத செயலியை எந்த தைரியத்துல சார் ஜனங்க கையில குடுக்கறது? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஆக, ஒரு புகார் வேண்டும். மானத்தை விட்டு சகலை வீட்டுக்குப் போனார் தராசுக்காரர். சகலை உள்ளே கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்து, குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் வருத்தத்தோடு கையை விரித்தார். "உங்க ஆப் மேல நான் என்னன்னு அண்ணா புகார் சொல்லுவேன்? குறை சொல்ல ஏதாவது இருக்கணும் இல்ல? தங்கமான ஆப்ணா அது. மனசாட்சி இடம் குடுக்கல."

வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிட்டார். பார்த்துப் பார்த்து மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நான் குடுக்கறேங்க புகார்" என்றாள்.

"நீயா? என்னன்னு?"

"பொய் சொல்ல எனக்கு வராது. உள்ளதை ஒண்ணு எழுதறேன். அவங்க வழக்கம்போல விசாரிச்சு ஒண்ணுமில்லைன்னு பதக்கம் குடுத்துடுவாங்க. இதுவரைக்கும் எந்தப் புகார் உண்மைன்னு சொல்லியிருக்காங்க?"

நியாயமான யோசனைதான். அவள் எழுதினாள்: 'இந்தச் செயலியைச் செய்தவர் என் கணவர். செயலி நல்ல செயலி. ஆனால் அவருக்குத் தன் சகலை மேல் பொறாமை. பொறாமையில் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, பாத்திரத்தோடு பேசுகிறார். விசாரிக்க வேண்டுகிறேன்.'

அங்காடியிலிருந்து அழைப்பு வந்தபோது தராசுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வாசலில் இருந்த காவலாளி முதற்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைமைப் பரிசீலகர் கண் கலங்கி, இவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், அங்காடி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து லட்சக்கணக்கான புகார் வந்திருக்கு. ஒண்ணுகூட நிரூபணமானதில்லை. எங்களுக்கு விசாரிக்கவே தெரியாதுன்னு வெளியில பேசிக்கிட்டாங்க. இன்னிக்கு அந்தக் களங்கம் போச்சு. உங்க மேல வந்த புகார் முழுக்க முழுக்க உண்மை!"

மேஜை மேல் இருந்த கருவியைத் தட்டினார். அறை முழுக்க தராசுக்காரரின் குரல் ஒலித்தது. பின்னணியில் பாத்திரம் உருளும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். 'திரைச்சீலை விக்கிறவனுக்குத் தங்கப் பதக்கம், எனக்கு வாயில மண்ணு! அவன் கண்ணாடி சுக்குநூறா உடையணும்! அவன் புதுச் செருப்பு கடிக்கணும்!'

தராசுக்காரருக்கு முதலில் முகம் செத்துப்போனது. அடுத்த நொடியே நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "சார்! இது எங்க வீட்டு சமையலறை! நானும் பாத்திரமும் மட்டும்தான் இருந்தோம். என் மனைவி போன் அலமாரியில இருந்துச்சு. அதுல கண்ணாடி இருக்கு. இதைத்தான் சார் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! அது ஒட்டுக் கேட்குது! ஆதாரம் உங்க கையிலயே இருக்கு!"

"இதைக் குடுத்தது எங்க நம்பிக்கைக் கூட்டாளி ஒருத்தர். தங்கப் பதக்கம் வாங்கினவங்க சொன்னா நாங்க அப்படியே ஏத்துக்குவோம்."

"கண்ணாடிதானே சார் அந்தக் கூட்டாளி? அதை மட்டும் சொல்லுங்க!"

"பேரைச் சொல்றதுக்கு விதியில இடமில்லை சார்" என்றார் தலைமைப் பரிசீலகர் கண்டிப்பாக. "தனியுரிமை எங்களுக்கு உயிர் மாதிரி."

'வீட்டுக்கு' நிரந்தரமாக நிராகரிக்கப்பட்டது. செய்தவரின் மனநிலை பயனாளிகளின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். வெற்றிகரமான விசாரணையின் நினைவாகத் தலைமைப் பரிசீலகர் இவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். எடுப்பதற்கு முன்னால் தன் சொந்தப் போனை எடுத்து, கண்ணாடியைத் திறந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்பிள்ளை, இதைப் பாருங்களேன், கண்ணாடியில புதுசா வந்திருக்கு" என்று போனை நீட்டினார். முகத்துக்குக் கீழே ஒரு பெரிய மஞ்சள் பட்டன். அதே மஞ்சள். அதன் மேல் 'வீட்டுக்கு' என்று எழுதியிருந்தது. மாமியார் அழுத்திக் காட்டினார். "பயப்படாதீங்க அத்தை, வந்துட்டே இருக்கேன்" என்றது சகலையின் குரல்.

"இனிமே அம்மா தொலைய மாட்டாங்க" என்றாள் மனைவி மெதுவாக. "நீங்க நினைச்சது நடந்துடுச்சுங்க. போதாதா?"

போதும்தான். போதும் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. அந்த மஞ்சளைத் தேடி அலமாரித் துணியையெல்லாம் கீழே இறக்கியது அவர். அத்தை என்று கூப்பிட்டுப் பேர் வாங்குவது அவன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"முகம் எப்படி வாடிப்போச்சு பாருங்க" என்று மாமியார் போனை அவர் கையில் திணித்தார். வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. நெற்றிச் சுருக்கம் இல்லை. பொறாமைப்படுகிற ஆள் மாதிரியே தெரியவில்லை. சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தார். தலையை லேசாக இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம்.

அப்போது கண்ணாடியின் மேல் ஒரு செய்தி வந்து நின்றது: 'தராசுக்காரரே, இன்று இதுவரை எங்களை நீங்கள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா?'